வெள்ளைக்காரரின் பலகையும் என் தலைக்கட்டும்

பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் எத்தனை குப்பம் உண்டோ அத்தனையிலும் கேட்டுப் பாருங்கள், ஒரு பொருளைத் தேய்த்து அதில் முகம் தெரிய வைக்கிற கை யாருடையது என்று. என் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பொறாமை. "அவன் ஒருத்தன் கீறான்" என்பார்கள். அந்த ஒருத்தன் நான்தான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் மழைக்காலத்தைக் கழித்துவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. வந்த பிறகு விடுவேனா? எங்கள் ஊரில் படித்தவர்கள் எல்லாம் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக் கை ஓய்ந்தார்கள். நான் இதை எழுதுகிறேன்.

இன்றைக்கு எவனைப் பார்த்தாலும் பாலிஷ், பாலிஷ் என்கிறான். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பனியன் துணியும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் போட்டுத் துடைத்துவிட்டு, பாலிஷ் போட்டேன் என்கிறான். அது பாலிஷ் இல்லை, குளிப்பாட்டல். பாலிஷ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்காக எட்டு வருஷம் நாயாக இருந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், வலை இழுக்க வரவில்லை என்று நைனா துடுப்பால் முதுகில் ஒன்று போட்டார். அன்றைக்கே பொன்னேரி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து மெட்ராஸ் போய், புதுப்பேட்டையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு பட்டறையில் ஒண்டிக்கொண்டேன். அங்கே பெயிண்ட் அடிக்கிறவன் ராஜா. அடித்த பெயிண்டைத் தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவன் நாய். முதலில் முரட்டுத் தாள், பிறகு நானூறு நம்பர், அறுநூறு, ஆயிரம், அதற்குப் பிறகு காம்பவுண்ட் என்கிற பசை, கடைசியில் மெழுகு. கார் வெளியே போகும்போது எல்லோரும் பெயிண்டரின் முதுகைத் தட்டுவார்கள். பளபளப்பைக் கொடுத்தவன் மூலையில் உட்கார்ந்து விரல் நுனியில் தோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

மேஸ்திரி ஒரு பரீட்சை வைத்திருந்தார். பேப்பரைக் காரின் முன்மூடிக்கு நேராகப் பிடிப்பார். எழுத்து கவிழ்ந்து தெரிய வேண்டும், தெரிந்ததை நாங்கள் படித்துக் காட்ட வேண்டும். எனக்கு எழுத்து நேராக இருந்தாலே தெரியாது. அதனால் எனக்கு நானே வேறு பரீட்சை வைத்துக்கொண்டேன். மூக்குத் துவாரத்து முடி தனித்தனியாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. என் பரீட்சை மேஸ்திரியின் பரீட்சையைவிடக் கஷ்டம். சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டு பீரோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருஷம் கழித்து ஊர் திரும்பினேன். கையில் ஒரு டிரான்சிஸ்டர், காலில் ஷூ. ஊர் வாயைப் பிளக்கும் என்று நினைத்தேன். நோட்டிலிருந்து என் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள்.

இது என்ன நோட்டு என்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் எல்லா இடமும் ஒன்றில்லை. ஓரிடத்தில் வலை கட்டினால் இறால் கொட்டும், இன்னோரிடத்தில் பாசி கொட்டும். அதனால் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பெயர். தலைக்கட்டு நோட்டில், அதாவது ஊருக்கு வரி கட்டுகிற குடும்பங்களின் கணக்கில், பெயர் இருக்கிற ஆம்பிளைக்குத்தான் பாடு. பெயர் இல்லாதவனுக்கு ஏரியில் இடமும் இல்லை, சபையில் வாயும் இல்லை. சபை கூடும்போது அம்மன் கோயில் மணலில் ஒரு கயிற்றை வட்டமாகப் போடுவார்கள். நோட்டில் இருப்பவன் கயிற்றுக்கு உள்ளே உட்காருவான். நான், பொம்பளைகள், கோழிகள், நாங்கள் வெளியே.

நோட்டை வைத்திருந்தவர் ஊர்த் தலைவரான நாட்டார். நைனாவுக்குப் பங்காளி, எனக்குப் பெரிநைனா முறை. மீசையை மேல்நோக்கி முறுக்கிவிட்டு, அது இறங்கிவிடுமோ என்று கால் மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கிற ஆள். வந்த வாரமே அவரிடம் போய் நின்றேன்.

"எட்டு வருசம் ஊருக்கு ஒரு வரி கட்டல, ஒரு சாவுக்கு வரல. இப்ப வந்து பேர எழுதுன்னா?"

"வரிய மொத்தமா கட்டிடறேன் பெரிநைனா."

"மெட்ராஸ்ல இன்னா வேலை பாத்த?"

"காரு தேச்சேன்."

கூட இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "தேய்க்கிற வேலைக்கு எதுக்குடா பாடு? ஏரியத் தேய்க்கப் போறியா?"

ஊர் முழுக்க இந்தப் பேச்சு ஒரு மாசம் ஓடியது. கல்யாணம் ஆன பிறகும் ஓடியது. மீன் ஏலத்தில் என் சம்சாரம் முன்னால் போய் நின்றால், "நோட்டுல இல்லாத வூட்டுக்காரி பின்னால நில்லு" என்று ஒருத்தி சொல்வாள். என் சம்சாரம் சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஆனாலும் பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. நான் படகுகளுக்கு மூக்கில் கண் எழுதிக்கொண்டும், சைக்கிளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும், கோயில் பித்தளை விளக்குகளைத் தேய்த்துக்கொண்டும் காலம் தள்ளினேன். விளக்கைத் தேய்க்கக் கயிற்றுக்கு உள்ளே விடுவார்கள். தேய்த்து முடித்ததும் வெளியே.

எண்பதுகள் பிறந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். பழவேற்காட்டு டச்சுக்காரன் சமாதிகளைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். தன் பாட்டனுக்குப் பாட்டன் அதில் ஒன்றில் படுத்திருக்கிறான் என்றார். எதில் என்று அவருக்கும் தெரியவில்லை, சமாதிக்கும் தெரியவில்லை. டவுனில் ஒரு மீன் வியாபாரி பாய் வீட்டில் தங்கினார். பாய் பழைய கப்பல் வியாபாரக் குடும்பம். இங்கிலீஷ் பேசுவார், எங்கள் நாட்டாரிடமும் பேசுவார். இரண்டும் ஒரே அளவு கஷ்டம் என்பார்.

வெள்ளைக்காரர் ஜீப்பின் மேல் ஒரு நீளமான வெள்ளைப் பலகையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முன்னால் மூக்கு கூராக மேலே வளைந்திருக்கும், பின்னால் அடியில் சுறாவுக்கு முதுகில் இருப்பதுபோல ஒரு துடுப்பு. சர்ஃப் போர்டு. இன்றைக்கு டிவியில் பார்க்கிறீர்கள். அன்றைக்கு எங்களுக்கு அது என்னவென்று தெரியாது. பிணப்பெட்டியின் மூடி என்று ஒருவர் சொன்னார், சமாதி பார்க்க வந்தவர் என்பதால் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை அந்த மூடியின் மேல் அவர் கடலில் நின்றார். நிஜமாக நின்றார். அலை மேல் நின்றபடி கரைக்கு வந்தார். வலை இல்லை, மீன் இல்லை, போய்ச் சேரவேண்டிய அவசரமும் இல்லை. கரைக்கு வந்ததும் திரும்பிப் போனார். மறுபடி வந்தார். எங்கள் ஆட்கள் நாலு தலைமுறையாக அதே அலையைத் திட்டிக்கொண்டு கரை ஏறுகிறவர்கள். ஒருத்தன் வேண்டுமென்றே அதில் ஏறி வருவதைப் பார்த்துக் குப்பமே மணலில் உட்கார்ந்துவிட்டது.

கடலிலிருந்து நாட்டாரின் கட்டுமரமும் அப்போது கரைக்கு வந்துகொண்டிருந்தது. நாட்டாரும் வேடிக்கை பார்த்தார். தன் கையில் இருந்த துடுப்பைப் பார்க்கவில்லை. மரம் போய் வெள்ளைக்காரரின் பலகை வாலில் இடித்தது. அவர் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். எடுத்துப் பார்த்தால் வாலில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு, ஒரு கை அகலத்துக்குப் பள்ளம். வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு நாட்டாருக்குக் கை கொடுத்தார். அவர் வரையில் விஷயம் முடிந்தது.

ஊருக்கு முடியுமா? எங்கள் கட்டுப்பாடு இதில் தெளிவு. தொழிலுக்குப் போகிற எதையும் நாங்கள் மரம் என்போம். அலையில் பின்னால் வருகிற மரம், முன்னால் போகிற மரத்தைப் பார்த்து வர வேண்டும். இடித்தால், இடித்தவனுக்கு அந்த வருஷம் ஏரியில் பாடு கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லி நாட்டார் எத்தனையோ பேரின் பாட்டை நிறுத்தியிருக்கிறார், அதுவும் சந்தோஷமாக. இப்போது அவரே இடித்துவிட்டார், ஊரே பார்த்திருக்கிறது.

சபை கூடியது. நாட்டாரே எழுந்து நின்றார்.

"மரத்த மரம் இடிச்சாத்தான் குத்தம். இது மரமா? வலை கீதா? பாய்மரம் கீதா? பொறந்ததுலேர்ந்து ஒரு நெத்திலி புடிச்சாந்துருக்குதா? இது பலகை. மெதக்குற பலகைய இடிச்சதுக்கு நம்ம ஊர்ல எவனுக்குனா பாடு நின்னுருக்குதா?"

"தேங்கா மட்டை கூடத்தான் மெதக்குது" என்றார் உள்ளே ஒருவர்.

"அத்தச் சொல்லு!"

எல்லோரும் தலையாட்டினார்கள். பலகை என்று தீர்ப்பானது. குற்றம் இல்லை. நாட்டார் மீசையைத் தொட்டுப் பார்த்தார், இருந்தது.

அப்போதுதான் பாய் வாயைத் திறந்தார். "நாட்டாரே, பலகையோ மரமோ, அது உங்க ஊர் சமாசாரம். அவரு என் வூட்டு மெஹ்மான், விருந்தாளி. உடைஞ்சத அப்படியே தூக்கிக் குடுத்தா எனக்கு அசிங்கம். உங்களுக்கும் கொஞ்சம் அசிங்கம்."

நாட்டார் கயிற்றுக்கு வெளியே கையை நீட்டினார். "இந்தா, மெட்ராஸ்ல காரு தேச்சவன் ஒருத்தன் சும்மா நிக்கிறான். தேய்க்கட்டும்."

சிரிப்பு. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தேய்க்கிறேன் பெரிநைனா. என் பேரை எழுதுவியா?"

சபையில் நாட்டாரை எல்லோரும் 'நீங்க' என்பார்கள். நான் வெளியே நின்றவன், எனக்கு 'நீ' போதும்.

அவர் வேடிக்கைக்காகத்தான் சொன்னார். ஆனால் சபை நடுவில் சொன்னார். "எழுதறேன்டா. வெள்ளைக்காரரு திரும்பி வந்து பாக்குறப்ப, உடைஞ்ச எடம் எதுன்னு அவராலயே கண்டுபுடிக்க முடியலன்னா, நோட்டுல உன் பேர எழுதறேன். கண்டுபுட்டாருன்னா, செத்தாலும் கேக்கக் கூடாது."

வெள்ளைக்காரர் மாமல்லபுரம், பாண்டிச்சேரி என்று பன்னிரண்டு நாள் சுற்றப் போனார். உள்ளே தண்ணீர் போகாமல் அடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பளபளப்பை அவர் கேட்கவில்லை. அது என் திமிர்.

பாய் ஆள் அனுப்பி மெட்ராசிலிருந்து ரெசின் என்கிற பிசினும் கண்ணாடி நார்த் துணியும் வாங்கித் தந்தார். புதுப்பேட்டையில் பக்கத்துப் பட்டறையில் இதை வைத்துத் தண்ணீர்த் தொட்டி செய்வார்கள், தினம் பார்த்திருக்கிறேன். வெடிப்பைச் சுரண்டி, உப்புத் தண்ணீர் வடிய மூன்று நாள் வெயிலில் காயவைத்து, பள்ளத்தை நிரப்பி, துணி ஒட்டி, ரெசின் பூசினேன். காய்ந்ததும் தட்டினால் மற்ற இடத்துச் சத்தமே வந்தது. ஆனால் பார்த்தால் தெரிந்தது. புது இடம் புண் ஆறிய தோல்போல மங்கலாக இருந்தது, மற்றது வேறு நிறம். ஒரே வழி, பலகை முழுக்க மேலே ஒரு பூச்சுப் பூசி, முழுப் பலகையையும் கண்ணாடியாக்குவது. எல்லாம் ஒன்றுபோல மின்னினால் ஒன்றை மட்டும் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மேல்புறத்தில் அவர் ஏதோ மெழுகை அப்பி வைத்திருந்தார். கால் வழுக்காமல் இருக்க மெழுகு தேய்த்துக்கொள்கிற மனுஷனை அப்போதுதான் பார்க்கிறேன். சுரண்டி எடுத்தேன். திரும்பத் தேய்த்துக்கொள்ளட்டும், அவர் மெழுகு, அவர் கால்.

முரட்டு வேலைக்குத் தாளை வீணாக்கவில்லை. காய்ந்த சுறாத்தோல் போதும், எங்கள் ஆட்கள் மரத்துக்கு அதைத்தான் போடுவார்கள். பிறகு நானூறு, அறுநூறு. ஆயிரம் நம்பரில் இரண்டே தாள் இருந்தது, அதைக் கிழித்து எட்டாக்கித் தேய்த்தேன். காலையில் உட்கார்ந்தால் வெயில் சாயும் வரை, ஒரே திசையில், தண்ணீர் விட்டு. ஒன்பதாம் நாள் காம்பவுண்ட் டப்பா காலி. பாதிப் பலகை கண்ணாடி, பாதிப் பலகை சாம்பல். மெட்ராஸ் போய் வாங்கி வந்தால் நாள் போதாது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

சம்சாரம் வந்து பார்த்தாள். "இன்னாய்யா, பாதிய வெள்ளைக்காரனுக்குக் குடுத்துட்டு மீதிய நீ வெச்சுக்கப் போறியா?"

"பசை தீந்துபோச்சு. பல்பொடி மாதிரி மாவா இருக்கணும், ஆனா கீறல் வுடக் கூடாது. அதுக்கு எங்க போறது?"

கரையில் ஒதுங்கிக் கிடந்த கணவாய் மீன் ஓடுகளை ஒரு முறம் பொறுக்கி வந்து என் முன்னால் கொட்டினாள். வெள்ளையாக, எடையே இல்லாமல், நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிருமே, அதுதான். அம்மியில் அரைத்து, துணியில் சலித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, பழைய கம்பளித் துணியால் தேய்த்தேன். மெட்ராஸ் காம்பவுண்ட் தோற்றது! கடைசியில் சீயக்காய் போட்டுக் கழுவி எண்ணெயை எடுத்தேன். இந்த யோசனை தன்னுடையது என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம். எழுதுவது நான் என்பதால் யோசனையும் என்னுடையது.

பதினோராம் நாள் அதை வாசலில் சாய்த்து வைத்தேன். மேலே பூநாரைக் கூட்டம் ஏரிப் பக்கம் பறந்து போனது. பலகைக்குள்ளும் பறந்தது. என் மூக்குத் துவாரப் பரீட்சை பார்த்தேன். நிறைய இருந்தது, வெட்டிக்கொண்டேன்.

இதற்குள் குப்பம் முழுக்க என் வாசலில். பொம்பளைகள் பொட்டுச் சரிசெய்ய வந்தார்கள். ஒருத்தர் சவரக் கத்தியோடு வந்தார். பத்து நாள் முன்பு தேங்காய் மட்டை என்று சொன்னவர் அதில் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டார் அன்றைக்கே மூன்று முறை வந்தார். அவ்வளவு பெரிய கண்ணாடியில் அவர் மீசையை அதுவரை மொத்தமாகப் பார்த்ததில்லை. பக்கத்துக் கோட்டைக்குப்பத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தபோது, "நம்ம ஊரு வேலைதான்" என்று அவரே காட்டினார். தோணிரேவுக்காரர்களிடம், "நான்தான் பையனாண்ட இப்பிடிச் செய்யின்னேன்" என்றார். எனக்கு அப்போது முப்பது வயது.

வெள்ளைக்காரர் வருகிற நாள். கோயில் மணலில் கயிறு போட்டுச் சபை உட்கார்ந்திருந்தது. பலகையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தோம். வைத்துவிட்டு நான் வெளியே வந்து நின்றேன். நாட்டாருக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. குப்பத்திலிருந்து இவ்வளவு லட்சணமாக ஒன்று கடலுக்குப் போகும்போது வெறுமனே போகலாமா? பூசாரியைக் கூப்பிட்டார். மாலை வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, மஞ்சள் குங்குமம் வந்தது. நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பார்த்தேன், நாட்டார் ஒரு கை நிறையக் கற்பூரத்தை எடுத்துப் பலகையின் மூக்கில் குவிக்கிறார்.

புது மரத்துக்கு மூக்கில் கற்பூரம் கொளுத்துவது எங்கள் வழக்கம். கட்டைக்கு ஒன்றும் ஆகாது, கறுப்பாக ஒரு பொட்டு விழும், அது அழகு. ஆனால் இது கட்டையா?

"பெரிநைனா, வேணாம்! அது ரெசின்! பத்திக்கும்!"

"வெளிய நிக்கிறவன் பேசக் கூடாது."

"தட்டுலயாச்சும் வெச்சுக் காட்டு!"

"கற்பூரத்துக்கு இன்னாடா ரெசினு, கிசினு" என்று தீக்குச்சியைக் கிழித்தார்.

ஒரு நிமிஷம் நன்றாகத்தான் எரிந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு மூக்கு குமிழ் விட்டது. கறுப்புப் புகை, டயர் எரிகிற நாற்றம். நான் கயிற்றைத் தாண்டிப் பாய்ந்து ஈரச் சாக்கால் அடித்து அணைத்தேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மூக்கில் ஒரு தோசை அகலத்துக்குக் கருகல், நடுவில் பள்ளம். பதினோரு நாள் வேலை. பூசாரி எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டு நழுவினார். நாட்டார் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"கயித்துக்குள்ள இன்னா உனக்கு வேலை? வெளிய போ."

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. வெள்ளைக்காரரும் பாயும் இறங்கினார்கள். வெள்ளைக்காரர் பலகையைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கருகலைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்து அதில் விரலை வைத்தார்.

"கண்டுபுட்டாரு!" என்று நாட்டார் துள்ளி எழுந்தார். "வந்ததும் வராததுமா வெரல வெச்சாரு பாத்தீங்களா? சபை சாட்சி. பேரு கெடையாது."

எனக்குக் கை எரிந்தது, வயிறும் எரிந்தது. பாய் குனிந்து பார்த்தார். "நாட்டாரே, ஒடைஞ்சது வால்ல. இது மூக்குல கீது."

"மூக்கோ வாலோ, கெட்ட எடத்த கண்டுபுட்டாரா இல்லியா?"

"ஒரு நிமிசம் இருங்க." பாய் வெள்ளைக்காரரிடம் ஏதோ பேசினார். உடைந்த இடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் வால் பக்கம் போனார். உடைந்த அன்றைக்குக் கையில் வைத்துப் பார்த்தவர்தான். இடது ஓரத்தைத் தடவினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இடது ஓரத்தைக் காட்டினார். உடைந்தது வலது. நான் இல்லை என்று தலையாட்டியதும் நடுவைக் காட்டினார். பிறகு கையை விரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எந்த நோட்டிலும் எழுதத் தேவையில்லை.

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். நாட்டாருக்கு எதிராக முதல் வாய் திறக்கிறவன் வலை அடுத்த சீட்டில் பாசியில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். நாட்டார் உட்கார்ந்து மீசையைத் தொட்டார். "சபை கலையலாம்" என்றார்.

பொம்பளை சபையைப் பார்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. கோழியைப் பார்த்துப் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு கிடையாது. என் சம்சாரம் கயிற்றோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் குரல் ஏல வியாபாரம் செய்த குரல், ஏரிக்கு அந்தக் கரை வரை போகும்.

"ஏய் கோழி! உனக்கு ஒரு நாயம் தெரியுமா? வெறும் பலகைக்கு யாருனா கற்பூரம் கொளுத்துவாங்களா? வூட்டுக் கதவுக்குக் கொளுத்துவியா? மணைக்குக் கொளுத்துவியா? தேங்கா மட்டைக்குக் கொளுத்துவியா?"

கோழி ஒரு காலைத் தூக்கி நின்றது.

"மாலையப் போட்டு, குங்குமம் வெச்சு, மூக்குல கற்பூரம் ஏத்துனா அது இன்னா? மரம்! சபையே கன்னத்துல போட்டுக்கிச்சு. அப்ப மரத்த இடிச்ச மரத்துக்காரனுக்கு இந்த வருசம் பாடு கீதா, இல்லியா? நீ சொல்லு கோழி. நீயாச்சும் சொல்லு!"

அதுவரை மணலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். தேங்காய் மட்டைக்காரர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "நாட்டாரே... கோழியாண்ட சொன்னதுதான். ஆனா கற்பூரம் ஏத்துனது நெசந்தானே."

"நான் சும்மா ஒரு பக்தில..."

"பக்திலதான் எல்லா மரத்துக்கும் ஏத்துறோம்" என்றார் இன்னொருவர். போன வருஷம் பாடு நிறுத்தப்பட்டவர் அவர். குரலில் அவ்வளவு பணிவு, கேட்கவே இனிமையாக இருந்தது. "மரம்னு சொல்லிட்டா உங்க பாட்டுக்கு எடைஞ்சல். பலகைன்னு சொல்லிட்டா அம்மன் முன்னால பலகைக்குக் கற்பூரம் காட்டுன குத்தம். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

நாட்டார் பாயைப் பார்த்தார். பாய் வானத்தைப் பார்த்தார். வெள்ளைக்காரர் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது என்ன சொல்லப்போகிறது என்று.

"இப்ப இன்னா..." என்றார் நாட்டார் கடைசியில். "இவன் பேர எழுதணும், அவ்ளோதானே? நான் மாட்டேன்னா சொன்னேன்? நோட்ட எடு."

நோட்டு வந்தது. அவரே எழுதினார், பேனா நிப்பு கிழிகிற மாதிரி. கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி வாங்கிப் பார்த்தேன். எனக்கு அப்போது எல்லா எழுத்தும் ஒன்றுதான். அஞ்சாவது படித்த சம்சாரத்திடம் நீட்டினேன். அவள் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உன் பேரு இல்லய்யா. 'தேய்ப்புக்காரன்'னு எழுதிகீது."

"பெரிநைனா, இது இன்னா பேரு?"

"அந்தப் பேர்ல ஊர்ல வேற எவன்டா கீறான்?"

யோசித்துப் பார்த்தேன். நைனா வைத்த பெயரில் எங்கள் குப்பத்திலேயே ஏழு பேர் இருந்தார்கள், அதில் நாலு பேர் நோட்டில். ஒருத்தனின் பாடு இன்னொருத்தனுக்குப் போய் அடிதடி ஆனதும் உண்டு. தேய்ப்புக்காரன் ஒருத்தன்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கெடுதல் செய்வதாக நினைத்து அந்த ஆள் எனக்குச் செய்த ஒரே நல்லது அதுதான்.

பெயர் எழுதிய பிறகுதான் மூக்கைத் தொட்டேன். அதற்கு முன்னால் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எரித்த மனுஷரே கணவாய் ஓடு அரைத்துக் கொடுத்தார், என் வாசலில் உட்கார்ந்து, இரண்டு நாள். அம்மி அவருக்குப் பழக்கமில்லை. மூன்றாம் நாள் வெள்ளைக்காரர் பலகையைத் தூக்கிக்கொண்டு போய், தன் மெழுகைத் தேய்த்துக்கொண்டு, முகத்துவாரத்தில் நின்றார். வெயிலில் அது மின்னி அடித்த அடியில் கரையில் இருந்தவர்கள் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போகவில்லை, இடித்துவிட்டால் பாடு போகுமே என்று பயம்.

அடுத்த சபைக்கு முதல் ஆளாகப் போனேன். சலவை வேட்டி. கயிற்றைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன். எட்டு வருஷமும் அதற்கு மேலும் வாய்க்குள் சேர்த்து வைத்திருந்த பேச்சு இருந்தது. ஏரியைப் பற்றி, சீட்டுப் போடுவதில் நடக்கிற தில்லுமுல்லு பற்றி, பொம்பளைகளை ஏலத்தில் பின்னால் நிறுத்துவது பற்றி. சபையில் அன்றைக்கு விவகாரம், திருவிழா ஸ்பீக்கரை எந்தப் பனைமரத்தில் கட்டுவது. வடக்குப் பனையா, தெற்குப் பனையா? வடக்கில் கட்டினால் பக்கத்துக் குப்பத்துக்காரன் ஓசியில் கேட்பான். தெற்கில் கட்டினால் நமக்கே கேட்காது. மூன்று மணி நேரம். என் கால் மரத்துப்போனது. கடைசியில் வடக்கு என்று முடிவானது. நான் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, "நானும் வடக்குதான்" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா?" என்றார் நாட்டார்.

யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் சொன்னேன், நோட்டில் இருக்கிறவன் சொல்லலாம். அன்றையிலிருந்து இன்று வரை ஒரு சபையையும் விட்டதில்லை. எல்லாவற்றிலும் எழுந்து சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.